பெடலின் ஓரம்

திம்பம் மலைப்பாதையில் ஒரு கார் பின்னோக்கி உருண்டது. ஓட்டியவர் மாரப்பன். ஐம்பது வயதைத் தாண்டியவர். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பாதையில் ஏறி இறங்குகிறவர்.

வலப்பக்க வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் கேட்கவில்லை. இன்னும் அழுத்தினார். எஞ்சின் திணறி நின்றது. எஞ்சின் நின்றதும் பிரேக்கும் இறுகிவிட, மிதித்தும் நிற்காமல் கார் பின்னால் போக ஆரம்பித்தது. கீழே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. மாரப்பன் ஸ்டியரிங்கை ஒடித்து, காரின் பின்பக்கத்தை மலைச்சுவரில் கொண்டுபோய் மோதி நிறுத்தினார்.

பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின் இருக்கையில் இருந்த லூர்து மேரிக்கு மணிக்கட்டு முறிந்தது. தாளவாடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் ஆசிரியை.

காரின் முதலாளி தண்டபாணி. சத்தியமங்கலத்தில் டிராவல்ஸ் நடத்துகிறவர். அவர் டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்து, "மாரப்பன் மலையில தூங்கிட்டான்" என்றார்.

ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு ஸ்டாண்டே சொன்னது. மாரப்பனுக்கு யாரும் வண்டிச் சாவி கொடுக்கவில்லை.

நசுங்கிய காரை கோகிலவாணியின் பட்டறையில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். தண்டபாணியின் எல்லா வண்டிகளுக்கும் எலக்ட்ரிக்கல் வேலை அங்கேதான். கோகிலவாணிக்கு மாரப்பனின் மூத்த மகள் வயது இருக்கும்.

மாரப்பன் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, இந்த வண்டி பொய் சொல்லுது. அதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

"நானே பாத்துச் சொல்லீர்றனுங்கண்ணா."

"நீங்க சொன்னா, நீங்க சொன்னதா இருக்கும். நான் தெரிஞ்சுக்கோணும்."

கோகிலவாணி அவரைப் பார்த்தார்.

"பொய் சொல்றது வண்டிதான்னு முடிவு பண்ணிட்டு வந்திருக்கறீங்க. அப்படி வந்தா கத்துக்க முடியாதுங்க."

"நான் தூங்கலீங்க."

"தூங்குனீங்கன்னு நான் சொல்லலையே."

"நீங்க சொல்லாததுதான் பாக்கி."

கோகிலவாணி சிரிக்கவில்லை. கையிலிருந்த, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை நீட்டினார். "உள்ள வாங்க."

அன்று முதல் மாரப்பன் கோகிலவாணியை மேஸ்திரி என்று கூப்பிட்டார். கோகிலவாணி அவரை அண்ணா என்று கூப்பிடுவதை விடவில்லை.

காரைச் சோதிக்கப் போகிறோம் என்று மாரப்பன் நினைத்தார். கோகிலவாணி மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடச் சொன்னார்.

"என்ன காட்டுது?"

"சைபர்."

"இப்ப அந்தப் புது பேட்டரியில வெச்சுப் பாருங்க."

"பன்னெண்டரை. இதெல்லாம் எதுக்குங்க? வண்டி அங்க நிக்குது."

"மீட்டர் ஒழுங்கா இருக்குதான்னு பாத்தாச்சு. இனி அது என்ன சொன்னாலும் நீங்க ஒத்துக்கோணும். உங்களுக்குப் பிடிக்காததைச் சொன்னாலும்."

"ஒத்துக்கறேன்."

"அவசரப்படாதீங்க."

பிறகு காருக்குப் போனார்கள். கோகிலவாணி டார்ச்சை வாங்கி, ஆக்சிலேட்டர் பெடலின் மேலே கம்பிகள் வந்து சேரும் கப்ளரைக் காட்டினார்.

"முன்னெல்லாம் பெடல்ல இருந்து எஞ்சினுக்கு ஒயர் இழுத்துட்டுப் போகும். இதுல அப்படி இல்லீங்க. பெடலுக்குள்ள ஒரு சென்சார். நீங்க எவ்வளவு அழுத்தறீங்கன்னு அது கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும். எஞ்சின் உங்க காலைக் கேக்கறதில்லை. சேதியைத்தான் கேக்குது."

"சேதி தப்பாப் போனா?"

"அதுக்குத்தான் உள்ளுக்குள்ள ரெண்டு வெச்சிருக்கறாங்க. ஒண்ணு எவ்வளவு சொல்லுதோ, இன்னொண்ணு அதுல பாதி சொல்லும். எப்பவும் அதே கணக்குத்தான். கணக்கு ஒத்துப்போகலைன்னா கம்ப்யூட்டர் ரெண்டையும் நம்பாது. எஞ்சின் வேகத்தைக் குறைச்சிரும்."

மாரப்பன் எழுந்தார். "அதேதானுங்க! அன்னைக்கு அதுதான் நடந்தது."

"உக்காருங்க. இன்னும் ஒண்ணும் பாக்கலை."

"ஸ்கேனர் போட்டா தெரியுமில்லீங்களா?"

"போட்டேன். ஒண்ணும் இல்லை. மோதுன பிறகு யாரோ பேட்டரியைக் கழட்டியிருக்கறாங்க. கம்ப்யூட்டர்ல இருந்த பதிவு அழிஞ்சு போயிருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம். அன்னைக்கு டேஷ்போர்டுல மஞ்ச விளக்கு எரிஞ்சுதுங்களா?"

"பின்னாடி பஸ் வந்துட்டு இருந்துது. நான் விளக்கைப் பாக்கலீங்க. ரோட்டைப் பாத்தேன்."

கோகிலவாணி தலையசைத்தார்.

கம்பியின் மேல்தோலைக் குத்தாமல், கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளவெடுக்கச் சொல்லிக் கொடுத்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சினை ஓட விடவில்லை. சென்சாருக்குள் போகிற மின்சாரம் ஐந்து வோல்ட் சரியாக இருந்தது. எர்த் நன்றாக இருந்தது. பிறகு சேதி வரும் கம்பியில் ஊசியை வைத்தார்கள்.

"பெடலைக் கையால அழுத்துங்க. மெதுவா. நம்பர் ஏறணும். எங்கயும் குதிக்கக் கூடாது, விழக் கூடாது."

மாரப்பன் தரையில் குனிந்து, உள்ளங்கையால் பெடலை அழுத்தினார். எண்கள் ஏறின. முக்கால் வோல்ட்டில் தொடங்கி நாலு வரை, தடங்கல் இல்லாமல். விட்டார். அதே வழியில் இறங்கின.

இரண்டாவது கம்பியிலும் பார்த்தார்கள். சரியாகப் பாதி.

"மறுபடி பாக்கலாம்."

மறுபடியும் அப்படித்தான். ஹேர் டிரையரால் சூடாக்கிப் பார்த்தார்கள். கம்பிகளை ஆட்டிப் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். சென்சார் ஒரு குறையும் சொல்லவில்லை.

மாரப்பன் மீட்டரைத் தரையில் வைத்தார்.

"ஒத்துக்கறேன்னு சொன்னீங்க" என்றார் கோகிலவாணி.

"இதை ஒத்துக்க மாட்டேன்."

அந்த நேரத்தில் தண்டபாணி பட்டறைக்குள் வந்தார். மாரப்பனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஆனால் பேசியது கோகிலவாணியிடம்.

"கோகிலா, அந்த டீச்சரோட தம்பி போலீஸுக்குப் போயிட்டான். வண்டி நல்லா இருந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை வந்து சொல்லிரு. அதோட முடிஞ்சுது."

"பாத்துட்டுத்தான் இருக்கறேனுங்க சார்."

"கோளாறு ஏதாச்சும் கிடைச்சுதா?"

"இல்லீங்க."

"அப்பறமென்ன? கோளாறு இல்லைன்னு சொல்லு."

"கோளாறு எனக்குக் கிடைக்கலைன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்க."

தண்டபாணி வாசல் பக்கம் திரும்பினார். "உன் பட்டறையில நிக்கறது பூரா என் வண்டி. மறந்துராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு மாரப்பன் கோகிலவாணியின் முன்னால் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"அவர்கிட்ட அவ்வளவு தைரியமாப் பேசுனீங்க. இன்னும் ஒரு அடி போங்க மேஸ்திரி. கோளாறு இருக்குதுன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியலீங்கண்ணா."

"என்னை நம்பறீங்களா, இல்லையா?"

"நம்பறேன்."

"அப்பச் சொல்லுங்க."

"நம்பறதை நம்பறேன்னு சொல்லலாம். பாத்தேன்னு சொல்ல முடியாது."

"அவரும் ஒண்ணுதான், நீங்களும் ஒண்ணுதான்" என்றார் மாரப்பன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் பட்டறையைத் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். வேட்டி இல்லை. வண்டி ஓட்டும்போது போடுகிற காக்கிச் சட்டையும் பேண்ட்டும். காலில் தேய்ந்த தோல் செருப்பு.

"மேஸ்திரி, நான் எந்தக் காலத்துலயும் கையால வண்டி ஓட்டுனதில்லீங்க."

"கால்ல அழுத்துனா ஒரே சீரா வராதுங்கண்ணா. அதுக்குத்தான் கையால அழுத்தறது. எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க."

"எல்லாரும் பாத்துத்தான் என்னைத் தூங்குனவன்னு சொல்றாங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி இன்னைக்கு நான் பண்ணப் போறதில்லை."

கோகிலவாணி உள்ளே போய் முள் வைத்த பழைய மீட்டர் ஒன்றை எடுத்து வந்தார். எண் காட்டும் மீட்டர் ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் சின்னத் துடிப்பைத் தவறவிட்டுவிடும். முள் தவறவிடாது. ஊசிகளைக் கப்ளரில் பொருத்தி, மீட்டரைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முள்ளை நான் பாக்கறேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

மாரப்பன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். கண்ணாடிக்கு வெளியே பட்டறையின் கரிபிடித்த சுவர் இருந்தது. அவர் சுவரைப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினார். பெடலை அழுத்தினார். முள் ஒழுங்காக ஏறியது.

"நேர் ரோடு" என்றார் மாரப்பன். "இப்ப ஏத்தம்."

முள் ஏறியது.

"எதிர்ல லாரி. விடறேன். போயிருச்சு. அழுத்தறேன்."

முள் இறங்கி ஏறியது.

"வலப்பக்க வளைவு."

அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். உடம்பு சாய்ந்தது. வலது முட்டி கதவுப் பக்கமாகப் போனது. பாதம் பெடலின் நடுவிலிருந்து விலகி, ஓரத்தில் நின்று அழுத்தியது.

முள் விழுந்தது.

கோகிலவாணி, "அப்படியே இருங்க" என்றார். முள் கீழே கிடந்து துடித்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"நேரா அழுத்துங்க."

முள் எழுந்தது.

"ஓரத்துல."

விழுந்தது.

கோகிலவாணி இறங்கி வந்து, குனிந்து, பெடலைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். அச்சு தேய்ந்திருந்தது. நேராக அழுத்தினால் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் பாரம் விழுந்தால் பெடல் கொஞ்சம் சாய்ந்து, சென்சாருக்குள் இருக்கும் தொடுமுனை தன் பாதையை விட்டு எழும்பியது.

மாரப்பன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கோகிலவாணி அவரைக் கூப்பிடவில்லை. அவர் தானாக நிமிரும்வரை பெடலின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பெடலை மட்டும் சோதிச்சுட்டு இருந்தேனுங்கண்ணா" என்றார். "ஓட்டறவரை விட்டுட்டேன்."

"இப்ப என்னங்க மேஸ்திரி பண்றது?"

"பெடலை மாத்தோணும். மாத்திட்டா இது போயிரும். அதுக்கு முன்னாடி யாரெல்லாம் இதைப் பாக்கோணும்?"

"எல்லாரும்."

மதியத்துக்குள் டாக்ஸி ஸ்டாண்டு பாதி காலியானது. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இருக்கையில் ஏறி, நேராக ஒரு தடவையும் ஓரத்தில் ஒரு தடவையும் அழுத்திப் பார்த்தார்கள். முள் எல்லோருக்கும் விழுந்தது. குப்புராஜ் என்பவன்தான் மாரப்பன் தூங்கிய கதையை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவன். அவன் இறங்கி வந்து மாரப்பன் முன்னால் நின்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னொருக்கா அழுத்திப் பாரு" என்றார் மாரப்பன்.

"வேண்டாங்கண்ணா."

"பாரு. உனக்கு நல்லாத் தெரியோணும்."

அவன் திரும்ப ஏறி அழுத்தினான்.

லூர்து மேரியும் வந்திருந்தார். கை கழுத்திலிருந்து தொங்கியது. மாரப்பன் அவரிடம் போனார்.

"டீச்சர், உங்க கை முறிஞ்சதுக்கு நான்தான் காரணம். சுவத்துல மோதுனது நான். ஆனா நான் தூங்கலீங்க."

லூர்து மேரி முள்ளை ஒரு தடவை பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

அப்போதுதான் தண்டபாணியின் பைக் வந்து நின்றது.

"யாரைக் கேட்டு என் வண்டியைக் கண்காட்சி ஆக்கியிருக்கறீங்க?"

ஓட்டுநர்கள் விலகி வழி விட்டார்கள். போகவில்லை.

"கோளாறு கிடைச்சிருச்சுங்க சார்" என்றார் கோகிலவாணி. "நீங்களே உக்காந்து பாருங்க."

தண்டபாணி ஏறி உட்கார்ந்தார். பெடலை நேராக அழுத்தினார். முள் அழகாக ஏறி, அழகாக இறங்கியது. மறுபடி அழுத்தினார். அப்படியேதான்.

"பாத்தீங்களா எல்லாரும்? எங்கடா கோளாறு?"

மாரப்பன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வலப்பக்க வளைவுல ஏறுற மாதிரி அழுத்துங்க முதலாளி. பெடலோட ஓரத்துல."

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறியா நீ?"

"ஆமாங்க."

தண்டபாணி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பெடலைப் பார்த்தார். பாதம் அதன் மேல் இருந்தது. நகரவில்லை.

லூர்து மேரி நடந்து வந்தார். நல்ல கையால் பின்கதவைத் திறந்தார். அன்று உட்கார்ந்திருந்த அதே பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.

"அழுத்துங்க சார். நான் பின்னாடிதான் இருக்கறேன்."

தண்டபாணி கண்ணாடியில் அவரைப் பார்த்தார். லூர்து மேரியும் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கார் தரையில் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. போவதற்கு ரோடும் இல்லை, எதிரே சுவர்தான். தண்டபாணியின் நெற்றி வேர்த்தது.

அவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். இறங்கினார்.

"புதுப் பெடல் போட்டுரு" என்றார் யாரையும் பார்க்காமல். "மத்த வண்டிகளை இன்னைக்கே எடுத்துக்கறேன்."

சாயங்காலத்துக்குள் பட்டறை காலியானது. கோகிலவாணி புதுப் பெடலைப் பொருத்தினார். மாரப்பன் அதை நேராகவும், இரண்டு ஓரத்திலும் அழுத்திச் சோதித்தார். முள் விழவில்லை.

கார் போன பிறகு குப்புராஜ் வந்தான். பட்டறைக்குள் வராமல் வாசலில் நின்றான்.

"அண்ணா, முதலாளி சொல்லி அனுப்புனாருங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்திரச் சொன்னாரு. அதே மலை ரூட்டு."

"நான் தூங்கலைன்னு சொன்னாரா?"

"அதைச் சொல்லலீங்க."

"ஸ்டாண்டுல வந்து சொல்லட்டும். அப்பறம் வர்றேன்."

"அவரு சொல்ல மாட்டாருங்கண்ணா. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப நான் வரலைன்னு போய்ச் சொல்லு. இதே வார்த்தையில சொல்லு. குறைச்சுச் சொல்லாத."

குப்புராஜ் போனான்.

மாரப்பன் ஊசிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். வண்டிகள் நின்ற இடங்களில் எண்ணெய்க் கறைகள் மட்டும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்னால உங்களுக்கு எல்லாம் போச்சு. வருத்தம் இல்லீங்களா மேஸ்திரி?"

"இருக்குதுங்க."

"அப்படியும் அவரைக் கூப்பிட்டு உக்கார வெச்சீங்களே."

"வருத்தம் வேற, அது வேற."

மாரப்பன் பெட்டியை மூடினார். மூடிய பிறகும் அதன் மேல் கையை வைத்தபடி நின்றார். அடங்கியிருந்த கோபம் மறுபடி குரலில் ஏறியது.

"ஸ்டாண்டு மொத்தமும் ஒத்துக்கிச்சு. டீச்சர் ஒத்துக்கிட்டாங்க. அவரு ஒருத்தரு மட்டும், வண்டியில ஏறி உக்காந்தும், கடைசி வரைக்கும் வாயைத் திறந்து சொல்லலை பாருங்க."

கோகிலவாணி விளக்கை அணைத்தார்.

"அவர் கால் சொல்லிருச்சுங்கண்ணா."